கோளாறு மூன்றாம் பாகத்தில் தெரியும், முதல் பாகத்தில் இருக்கும்: மிகுபுனைவுத் தொடரில் துணைப்பாத்திரங்களைச் செப்பனிடுதல்

மிகுபுனைவுத் (ஃபேன்டஸி) தொடர் எழுதுகிறவர்களின் கைப்பிரதிகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருகிறேன். நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். இந்தப் பிரதிகளில் நாயகன் பெரும்பாலும் நன்றாகவே அமைந்திருப்பான். வரைபடம் இருக்கும், மந்திரத்துக்கு விதிகள் இருக்கும், ஐந்நூறு ஆண்டு அரச வம்சப் பட்டியல்கூட இருக்கும். கதை தடுக்கி விழுவது நாயகனுக்கு இரண்டடி தள்ளி நிற்பவரிடம்தான். நண்பன், தளபதி, தங்கை, சமையற்காரி, எதிரியின் மகன் என்று வருகிறவர்கள் முதல் பாகத்தில் கலகலப்பாக நுழைவார்கள். மூன்றாம் பாகத்துக்குள் வெறும் பெயர்களாகிவிடுவார்கள்.

என்ன புகார் வந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். அதற்கு முன் ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு துணைப்பாத்திரத்துக்கும் ஒரு தாள் எடுத்து, பாகம் வாரியாக நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எங்கே இருக்கிறார், என்ன வேண்டும் என்று இருக்கிறார், அவருக்கு என்ன தெரியும், எதை இழந்திருக்கிறார். அடுத்தடுத்த இரண்டு பாகங்களில் நான்குக்கும் ஒரே பதில் வந்தால் அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பன்னிரண்டு பாத்திரங்கள் என்றாலும் ஒரு மாலை வேலைதான். இந்தத் தாள் இல்லாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம்.

அறிகுறி: பயந்தாங்கொள்ளியாக இருந்தவன் திடீரென்று வீரனாகிறான், படிப்பவர் நம்பவில்லை

இந்தப் புகார் வந்ததும் எழுதியவர் முதலில் கைவைப்பது அந்த வீரக் காட்சியில்தான். வாள் இன்னும் கொஞ்சம் மின்னும், வசனம் இன்னும் கொஞ்சம் ஓங்கும், காட்சி இரண்டு பக்கம் நீளும். நம்பிக்கை மட்டும் வராது. அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு முதல் பாகத்தைத் திறங்கள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது நெவில் லாங்பாட்டத்தை. ஜே. கே. ரோலிங் எழுதி 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வந்த ஹாரி பாட்டர் தொடரில், பள்ளிக்குப் போகும் ரயிலில் தன் தேரையைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டு வரும் பையன் அவன். பாட்டி வளர்த்த பிள்ளை. மந்திரமே வராத பிள்ளையோ என்று குடும்பமே சந்தேகப்பட்டு, சோதிப்பதற்காக ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கவிட்ட பிள்ளை. கடைசிப் பாகத்தில் தொப்பிக்குள்ளிருந்து வாளை உருவி, எதிரியின் உயிரில் ஒரு பங்கைச் சுமக்கும் பாம்பை வெட்டுகிறவனும் அவனே. இந்த இரண்டு முனைகளை மட்டும் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நடுவில் ரோலிங் என்ன வைத்திருக்கிறார் என்று வரிசையாகப் பாருங்கள்.

முதல் பாகத்தின் இறுதிக்கு அருகில் நெவில் மூன்று நண்பர்களின் வழியை மறித்து நிற்கிறான். அவர்கள் விதியை மீறி வெளியே போகப் போகிறார்கள் என்பது அவன் எண்ணம். அவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியாது, எதிர்த்து நின்றும் தோற்கிறான். அவர்களில் ஒருத்தியான ஹெர்மயனி மந்திரத்தால் அவனை மரக்கட்டைபோல் விழவைத்துவிட்டுப் போகிறாள். ஆனால் ஆண்டு இறுதியில் தலைமையாசிரியர் அந்தச் செயலுக்காகப் பத்துப் புள்ளிகள் தருகிறார். கோப்பையைத் தீர்மானிப்பது அந்தப் பத்துதான். ஆக, ஏழாம் பாகத்தில் பூக்கும் குணம் முதல் பாகத்திலேயே இருக்கிறது. அப்போது அது அளவில் சிறியது, தவறான இடத்தில் செலவானது, தோல்வியில் முடிந்தது. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதால் படிப்பவர் அதை 'வருங்கால வீரனின் அடையாளம்' என்று முன்கூட்டிப் பிடித்துவிடுவதில்லை.

அடுத்து, காயம். நான்காம் பாகத்தில் ஆசிரியர் ஒரு சிலந்தியின்மீது சித்திரவதை மந்திரத்தைச் செய்து காட்டும்போது, நெவிலின் கைகள் மேசையை இறுகப் பற்றியிருக்கின்றன. ஏன் என்று நமக்குத் தெரியாது. அதே பாகத்தின் பிற்பகுதியில்தான் அவனுடைய பெற்றோர் அந்த மந்திரத்தால் சித்தம் கலங்கிப்போனவர்கள் என்று ஹாரிக்குத் தெரியவருகிறது. முதலில் உடலில் தெரிந்த அடையாளம், பிறகு காரணம். இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். காரணத்தை முதலில் சொல்லிவிட்டு நடுக்கத்தைப் பிறகு காட்டினால் அது சொன்ன பாடத்தை ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

ஐந்தாம் பாகத்தில் மருத்துவமனைக் காட்சி வருகிறது. அம்மா அவன் கையில் ஒரு சூயிங்கம் காகிதத்தைத் தருகிறாள். குப்பையில் போட்டுவிடு என்கிறாள் பாட்டி. அவன் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வதை ஹாரி பார்த்துவிடுகிறான். இந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் அந்தக் காகிதத்தில்தான் என் கண் நிற்கிறது. அழுகையும் சபதமும் இல்லாமல் காட்சி முடிகிறது. பெற்றோரைச் சித்திரவதை செய்தவள் சிறையிலிருந்து தப்பியபின், பயிற்சியில் எல்லோரையும்விடக் கடுமையாக உழைக்கிறவன் நெவில். காரணத்தை அவன் யாரிடமும் சொல்வதில்லை. அந்தப் பாகத்தின் இறுதிச் சண்டையில் அவன் கையிலிருந்த மந்திரக்கோல் உடைகிறது. அது அவன் தந்தையுடையது. அடுத்த பாகத்தில்தான் தனக்கென்று ஒன்று வாங்குகிறான். பிறர் எதிர்பார்ப்பைக் கையில் ஏந்திக்கொண்டிருந்த பிள்ளை தன் கையால் தன் கோலைப் பிடிக்கிறான் என்பதை ரோலிங் விளக்கவில்லை, கோலை மட்டும் மாற்றினார்.

இன்னொன்றும் உண்டு, எழுதுகிறவர்கள் அடிக்கடி கவனிக்கத் தவறுவது. தொடக்க ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாப் பாடங்களிலும் திணறும் நெவில் தாவரவியலில் மட்டும் கெட்டிக்காரன். எதிலுமே தேறாத ஒருவனின் மாற்றம் மாயம்போல் இருக்கும். ஓர் இடத்தில் தேறுகிறவனின் மாற்றம் பரவல்போல் இருக்கும்.

சரிசெய்யும் முறை: உங்கள் வீரனின் பெரிய காட்சியிலிருந்து பின்னோக்கி எண்ணி, முந்தைய பாகம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிறு காட்சியை வையுங்கள். முதல் பாகத்துக் காட்சியில் அவன் தோற்க வேண்டும். நடுப்பாகத்தில் ஒரு பொருள் கை மாறவோ உடையவோ வேண்டும். எந்தக் காட்சியும் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். முந்தைய பாகங்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டால், புதிதாக நட முடியாது. ஆனால் பழைய பக்கங்களில் காரணம் சொல்லாமல் விட்ட ஏதோ ஒரு செய்கை நிச்சயம் இருக்கும். அவன் ஒரு விருந்துக்கு வராமல் போயிருப்பான், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருப்பான். அதைத் தேடி எடுத்து அதற்குக் காரணம் கொடுங்கள்.

அறிகுறி: நாயகனுக்காகவே மூச்சுவிடுகிறார், தனக்கென்று ஒன்றுமில்லை

விசுவாசமான தோழர் பாத்திரங்களுக்கு வரும் நோய் இது. தாளில் 'என்ன வேண்டும்' என்ற இடத்தில் எல்லாப் பாகத்திலும் 'நாயகன் வெல்ல வேண்டும்' என்று எழுதியிருப்பீர்கள்.

நாளைக் காலையில் நாயகன் அவரை அழைத்து, உன் கடமை முடிந்தது, இனி உன் விருப்பம் என்று சொன்னால் அவர் எங்கே போவார்? இதற்கு மறுநொடியே பதில் வராவிட்டால் கோளாறு உறுதி.

டோல்கினின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதில் சாம் என்ற தோட்டக்காரனைவிட விசுவாசமான துணை கிடையாது. ஆனால் அவனைக் கேட்டால் பதில் சட்டென்று வரும்: ஊருக்குப் போவேன், மண்ணைக் கிளறுவேன். தன் எசமானன் இறந்துவிட்டான் என்று நம்பி, சுமப்பவரை மயக்கும் தீய மோதிரத்தை அவனே சுமக்கும் கட்டத்தில், மோதிரம் அவனுக்கும் ஆசை காட்டுகிறது. என்ன ஆசை? படை நடத்தும் மாவீரன் சாம், அவன் கட்டளையால் பாழ்நிலம் முழுவதும் பூந்தோட்டமாகிறது. தோட்டக்காரனைத் தோட்டத்தைக் காட்டித்தான் மயக்க முடியும் என்று அந்தத் தீய சக்திக்குத் தெரிந்திருக்கிறது. அவனைக் காப்பாற்றுவதில் பாதி, எசமானன்மேல் வைத்த அன்பு. மறுபாதி, தன் இரு கைகளால் பராமரிக்கக்கூடிய ஒரு சிறு தோட்டமே தனக்குப் போதும் என்ற தெளிவு. பிறகு ஊர் திரும்பி, எல்ஃப் அரசி தந்த மண்ணைத் தூவி அழிந்த மரங்களை மீட்கிறான்.

விசுவாசத்தைக் குறைக்கச் சொல்லவில்லை நான். அதற்குப் பக்கத்தில் இன்னொரு விருப்பத்தை நடுங்கள், இரண்டும் ஒரே ஒருமுறையாவது மோதட்டும். சோதனை வரும்போது அது அந்தப் பாத்திரத்தின் சொந்த ஆசை வடிவில் வரட்டும். எல்லோருக்கும் பொன்னையும் அரியணையையும் காட்டும் தீய சக்தி சோம்பேறி எழுத்தாளரின் தீய சக்தி.

அறிகுறி: எதிரி நல்லவனானது ஒட்டவில்லை

தாளில் பாருங்கள். திருந்திய பிறகு அவன் செய்த பழைய குற்றத்தை யாராவது நினைக்கிறார்களா? பெரும்பாலும் இருக்காது. எல்லோரும் சேர்ந்து மறந்துவிடுகிறார்கள், படிப்பவர் மட்டும் மறக்கவில்லை. கோளாறு அங்கேதான்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் 1996இல் வந்த முதல் பாகத்திலேயே ஜேமி லானிஸ்டர் ஒரு சிறுவனைக் கோபுர ஜன்னலிலிருந்து தள்ளிவிடுகிறான். ஜேமியின் பார்வையில் ஓர் அத்தியாயம்கூட நமக்குக் கிடைப்பதில்லை. 2000இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் அவன் மனத்துக்குள் நுழைகிறோம். அதிலேயே வாள் பிடிக்கும் கையை இழக்கிறான். பிறகு வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து, பல ஆண்டுகளுக்கு முன் தான் காவல் காத்த மன்னனையே கொன்றதற்கான காரணத்தை பிரியென் என்ற பெண்போராளியிடம் சொல்கிறான்: அந்த மன்னன் நகரத்தையே தீயிட்டு அழிக்க ஏற்பாடு செய்திருந்தான்.

இங்கே இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. மன்னனைக் கொன்ற கதை அவனைப் பற்றிய நம் அறிவை மாற்றுகிறது. கை போனது அவனையே மாற்றுகிறது. முன்னது வெளிப்பாடு, பின்னது வளர்ச்சி. பல கைப்பிரதிகளில் வெளிப்பாடு மட்டுமே இருக்கும்: 'அவன் கெட்டவனல்ல, சிறுவயதில் துன்பப்பட்டவன்' என்று ஓர் அத்தியாயம், அவ்வளவுதான். அது இரக்கத்தைத் தரும், ஆனால் அவன் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் நிற்கிறான். வெறும் வளர்ச்சி மட்டும் இருந்தாலோ, அடிபட்டதால் அடங்கிவிட்டான் என்றுதான் தோன்றும். இரண்டும் அருகருகே வர வேண்டும். அதோடு, ஜன்னலிலிருந்து விழுந்த சிறுவன் எழுந்து நடக்கவில்லை. மார்ட்டின் அந்தக் கால்களைத் திருப்பித் தரவில்லை. உங்கள் எதிரியால் பாதிக்கப்பட்டவர் கதையில் எங்கோ உயிரோடு, பாதிப்போடு இருக்கட்டும். மன்னிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

அறிகுறி: இரண்டு பாகங்களாக ஆளையே காணவில்லை

ஆளைக் காணாமல் இருப்பது தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. திரும்பி வரும்போது நேற்றுப் போனவர்போல் வருவதுதான் குற்றம்.

அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ தொடரைப் பாருங்கள். 1971இல் வந்த இரண்டாம் பாகத்தில் டெனார் என்ற இளம்பெண் வருகிறாள். சிறு குழந்தையாக இருக்கும்போதே பெயரைப் பறித்து, இருண்ட கல்லறைகளின் பூசாரியாக்கப்பட்டவள். கெட் என்ற மந்திரவாதி அவளுக்கு அவள் பெயரைத் திருப்பித் தருகிறான். 1972இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவள் இல்லை. பிறகு 18 ஆண்டுகள் கழித்து 1990இல் நான்காம் பாகம் வருகிறது. அதில் டெனார் நடுவயது விதவை. ஒரு விவசாயியை மணந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஊர்க்காரர்கள் வைத்த வேறொரு பெயரில் வாழ்ந்துகொண்டிருக்கிறாள். பெரிய மந்திரவாதியிடம் கற்கும் வாய்ப்பு அவளுக்கு இருந்தது. அதை விட்டுவிட்டுப் பண்ணை வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். தீயில் வெந்த ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். எல்லாச் சக்தியையும் இழந்து வரும் கெட்டுக்கு இப்போது அவள் அடைக்கலம் தருகிறாள்.

அவள் இல்லாத காலத்தை லெ குவின் கதையாகச் சொல்லி நிரப்பவில்லை. வீட்டுவேலை தெரிந்த கைகள், புதிய பெயர், வளர்ந்துவிட்ட பிள்ளைகள், பழைய தேர்வைப் பற்றி அவளுக்குள் ஓடும் கேள்விகள். இவை போதும். ஆண்டுகள் எங்கே போயின என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மார்ட்டின் தன் மூன்றாம் பாகத்துக்குப் பிறகு கதையில் ஐந்து ஆண்டு இடைவெளி விடத் திட்டமிட்டிருந்தார். சிறுவர்கள் வளர அது வசதியாக இருந்தது. மற்றவர்களுக்கு, அந்த ஐந்து ஆண்டுகளும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றாகிவிடும். திட்டத்தைக் கைவிட்டார். பிறகு பொருள் பெருகிப்போய், 2005இல் வந்த பாகத்தில் சில முக்கியமானவர்கள் இடம்பெறவேயில்லை. டிரியன் என்ற பாத்திரத்தை 2000இல் விட்ட வாசகர்கள் அவனை மறுபடி பார்த்தது 2011இல்தான். காலத்தைத் தாண்டுவது எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே பலனைத் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தாண்டுவதற்கு முன் ஒவ்வொருவரின் தாளையும் எடுத்து, இந்த இடைவெளியில் இவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாரா என்று கேளுங்கள். ஒருவர் இருக்கமாட்டார் என்றாலும் இடைவெளியைக் குறையுங்கள், அல்லது அவருக்கு ஒரு சிறை, ஒரு நோய், ஒரு கடல்பயணம் கொடுங்கள்.

அறிகுறி: ஓரமாக நிற்க வந்தவர் கதையைப் பிடுங்கிக்கொள்கிறார்

பலர் இதைக் கோளாறு என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள்.

1944 மே மாதம் டோல்கின் தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், கதைக்குள் புதிதாக ஒருவன் வந்துவிட்டான், அவனைத் தான் கண்டுபிடிக்கவில்லை, வேண்டும் என்று நினைக்கவும் இல்லை, ஆனால் பிடித்திருக்கிறது என்ற பொருளில் எழுதுகிறார். காட்டுக்குள் நடந்துவந்த அந்த ஆள்தான் ஃபாரமிர். அவனை வைத்துக்கொண்டதால் டோல்கினுக்குக் கிடைத்தது என்ன? ஃபாரமிரின் அண்ணன் போரமிர் மோதிரத்துக்கு ஆசைப்பட்டுச் சறுக்கியவன். அதே வீட்டில், அதே தந்தையிடம் வளர்ந்த தம்பி, கைக்கெட்டும் தூரத்தில் மோதிரம் இருந்தும் விட்டுவிடுகிறான். ஓரமாக வந்தவன் ஏற்கெனவே கதையில் இருந்த கேள்விக்கு வேறொரு பதிலாக நிற்கிறான். அதனால் அவனுக்கு இடம் உண்டு.

டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் தொடரில் 1989இல் வந்த நகரக் காவலர் கதையில், பிறப்பு மச்சம், பழைய வாள், நேர்மை என்று தொலைந்துபோன இளவரசனுக்குரிய எல்லாவற்றோடும் கேரட் என்ற இளைஞன் வருகிறான். ஆனால் கதையின் எடை, தொடக்கத்தில் குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடக்கும் வைம்ஸ் என்ற காவல் தலைவனிடம் போய்விடுகிறது. அதன்பின் அவன் குடியை விடுகிறான், நகரத்தின் பெரும் பணக்காரியை மணக்கிறான், பிரபுவாகிறான், தந்தையாகிறான். அவனைக் கவனித்து வந்ததில் எனக்குப் பிடித்தது அவன் காலணி. பதவி உயர உயர, அடி தேய்ந்த மலிவுக் காலணியையே விரும்புகிறான். எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று கல்லின் மேடுபள்ளம் பாதத்துக்குத் தெரிய வேண்டும் அவனுக்கு. ஏழை ஏன் ஏழையாகவே இருக்கிறான் என்பதையும் 1993இல் வந்த கதையில் காலணியின் விலையை வைத்தே யோசிக்கிறான். எல்லாம் மாறும்போது மாறாத ஒன்றைக் காலில் மாட்டிவிட்டார் பிராட்செட். அதனால்தான் இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் அதே ஆளாக இருக்கிறான்.

உங்கள் பிடுங்கியைச் சோதிக்கும் முறை எளிது. அவர் வரும் காட்சிகளில் தொடரின் மையக் கேள்வி கூர்மையாகிறதா, வேடிக்கை மட்டும் கூடுகிறதா? கூர்மையாகிறது என்றால் வழிவிடுங்கள். வேடிக்கை மட்டும் என்றால் அவருக்கென்று தனிச் சிறுகதை எழுதி ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நான்கு பாகம் கடந்தும் எல்லோரும் ஒருவரை ஒருவர் அதே மாதிரி அழைத்துக்கொள்கிறார்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய கோளாறு இது. இதைச் சரியாகக் கையாண்டால் ஆங்கிலத் தொடர்களுக்குக் கிடைக்காத ஒரு கருவி நமக்குக் கிடைக்கும்.

நம் மொழியில் ஒரு பாத்திரத்தை எழுதத் தொடங்கும் முதல் வரியிலேயே அவனா, அவரா என்று முடிவெடுத்தாக வேண்டும். முதல் பாகத்தில் குதிரை லாயத்தில் வேலை செய்யும் பையன் 'அவன்'. நான்காம் பாகத்தில் அவன் படைத்தலைவன், நரைத்துவிட்டான், மூவாயிரம் பேருக்குக் கட்டளையிடுகிறான். கதைசொல்லி இன்னும் 'அவன்' என்கிறாரா? சொல்லலாம், ஆனால் தெரிந்து சொல்ல வேண்டும். கவனமில்லாமல் நடு அத்தியாயத்தில் 'அவர்' ஆகி, மறுபக்கத்தில் 'அவன்' ஆகியிருக்கும் பிரதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கதைசொல்லி ஒருவரைக் கடைசிவரை 'அவன்' என்றே சொன்னால், உலகம் அவரை எப்படிப் பார்த்தாலும் நாம் அவரை லாயத்துப் பையனாகவே நெஞ்சில் வைத்திருக்கிறோம் என்று பொருள். அது அழகு. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசும் இடத்தில்தான் மாற்றம் நடக்க வேண்டும்.

'நீ' எப்போது 'நீங்கள்' ஆகிறது? யார் முதலில் மாற்றுகிறார்? இளவரசியின் தோழி ஆறு ஆண்டுகள் 'இளவரசி' என்று அழைத்துவிட்டு, தப்பி ஓடும் இரவில் முதன்முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்த ஒரு விளி ஓர் அத்தியாயத்தின் வேலையைச் செய்துவிடும். மாறாமல் இருப்பதும் பேசும். உலகத்தின் விளிம்புவரை போய் வந்த பிறகும் சாம் தன் எசமானை 'மிஸ்டர் ஃப்ரோடோ' என்றே அழைக்கிறான்.

தாளில் ஐந்தாவது வரிசை ஒன்றைச் சேருங்கள்: யார் யாரை எப்படி அழைக்கிறார்கள். எந்த இணையிலாவது எல்லாப் பாகத்திலும் ஒரே விளி இருந்தால், அவர்களுக்கிடையே நடந்ததாக நீங்கள் நினைப்பது பக்கத்தில் நடக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். அண்ணா, அத்தை, மாமா போன்ற உறவுச் சொற்களையும் இதில் சேர்த்துப் பாருங்கள். இரத்த உறவில்லாத ஒரு முதியவரைச் சிறுமி 'தாத்தா' என்று அழைக்கத் தொடங்கும் நாள் தொடரில் எங்கே வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: முக்கியத் துணைப்பாத்திரம் இறக்கிறது, யாருக்கும் கண் கலங்கவில்லை

அந்தச் சாவு நாயகனின் கோபத்துக்கு விறகாக மட்டும் பயன்பட்டிருக்கும். போரமிரின் சாவைப் பாருங்கள். சாகும்போது தன் குற்றத்தைப் பயணத் தோழன் அரகார்னிடம் ஒப்புக்கொள்கிறான். அதற்குப் பிறகு அவன் சாவு பல வீடுகளுக்குப் போகிறது. தந்தை டெனதோர் உடைகிறார். தன்னைக் காக்கப் போய்த்தான் அவன் இறந்தான் என்ற கடன் உணர்வில் பிப்பின் என்ற விளையாட்டுப் பிள்ளை அந்தத் தந்தையிடம் சேவகத்துக்கு நிற்கிறான். அங்கேதான் பிப்பின் வளரத் தொடங்குகிறான். நாயகனைத் தவிர இன்னும் இருவரின் தாளிலாவது அந்தச் சாவு ஒரு வரியை மாற்றவில்லை என்றால், சாவை ஒத்திப்போடுங்கள்.

அறிகுறி: கண் நிறம் மாறுகிறது, தங்கை இரண்டு முறை பிறக்கிறாள்

இது வெறும் கவனக்குறைவு. பெயர், வயது, தழும்பு, உறவு, ஊர் ஆகியவற்றை அட்டவணையாக்கி, ஒவ்வொரு பாகத்தையும் அச்சுக்கு அனுப்புமுன் வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்கு இது தெரியாது.

அறிகுறி: தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை

கடைசியாக வைத்திருப்பது இதை, ஏனென்றால் என் தொடரிலேயே இது வந்தது. ஒரு பரிசல்காரர் பாத்திரம். மூன்று பாகங்களிலும் நாயகியை ஆற்றைக் கடத்திவிடுகிறவர். அவருக்கு ஆசை இருந்தது, இழப்பு இருந்தது, மகளோடு ஒரு பழைய மனத்தாங்கல் இருந்தது. நான்கு கட்டங்களும் நிரம்பியிருந்தன. பிரதியைப் படித்த தோழி ஒருவர், இந்த ஆள் நாயகி வரும்போது மட்டும் ஆற்றங்கரையில் முளைக்கிறார் என்றார். அவர் சொன்னது உண்மை. என் கதையில் அந்த மனிதர் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை.

நாவலில் சேராத ஒரு பக்கம் எழுதினேன். நாயகி போய்விட்ட மறுநாள், வெள்ளம் வடிந்த காலை. பரிசலைக் கவிழ்த்துப்போட்டு அடியில் எங்கெங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிறார். மூங்கில் பின்னலில் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது. மகள் வீட்டு வழியாகப் போனால் நல்ல மூங்கில் கிடைக்கும் என்று தெரியும். சுற்றிக்கொண்டு வேறு வழியில் போகிறார். திரும்பும்போது இருட்டிவிடுகிறது, மகள் வீட்டு விளக்கு தூரத்தில் தெரிகிறது, சற்று நின்று பார்த்துவிட்டு நடக்கிறார்.

அந்தப் பக்கம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த பாகத்தில் நாயகி அவசரமாக ஓடிவந்து பரிசலில் ஏறும்போது, பின்னலில் ஒரு பக்கம் மட்டும் மூங்கிலின் நிறம் வேறாக இருப்பதைப் பார்த்து, இது எங்கே வாங்கியது என்று கேட்கிறாள். "தூரத்திலிருந்து" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுக்கிறார். தோழி இரண்டாம் முறை படித்தபோது பென்சிலால் கோடிட்டிருந்தது அந்த ஒரு சொல்லைத்தான்.